அருமண் அயனிக்குப் பக்கத்தில் எந்த உலோகத்தை, எப்படி வைப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"கண்ணாடிக்குள் வெள்ளியைப் போடட்டுமா, துகளோடு பொன்னை ஒட்டட்டுமா?" எர்பியம், யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்களின் அயனிகள் மங்கலாகவே ஒளிரும்; அந்த ஒளிர்வை உலோகத்தால் கூட்டும் ஆய்வைத் தொடங்குகிறவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கட்டுரைகளைப் புரட்டினால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஒளிர்வு கூடியது ஒன்றில் 3 மடங்கு, இன்னொன்றில் 310 மடங்கு, வேறொன்றின் தலைப்பிலேயே 1000 மடங்கு. எண் எங்கே பெரிதாக இருக்கிறதோ அந்தப் பக்கம் கால் போவது இயல்புதான். நானும் அப்படிப் போய் ஒரு வருடத்தை இழந்திருக்கிறேன். அதனால் எந்த வழி பெரிய எண்ணைத் தருகிறது என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் அயனிக்கு என்ன குறை, அந்தக் குறையை எந்த வழி தீர்க்கும் என்று பார்ப்போம்.

## அயனிக்கு என்ன குறை?

எர்பியம், இட்டெர்பியம், யூரோப்பியம் போன்ற அருமண் அயனிகளின் ஒளி, 4எஃப் எனப்படும் உட்கூட்டு எலக்ட்ரான்களிடமிருந்து வருகிறது. ஒரு 4எஃப் மட்டத்திலிருந்து இன்னொரு 4எஃப் மட்டத்துக்குத் தாவுவதைச் சமச்சீர் விதி தடுக்கிறது. சுற்றியிருக்கும் படிகம் அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்துவதால்தான் ஒளியே வருகிறது. இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, உறிஞ்சும் திறன் மிகக் குறைவு. 980 நானோமீட்டரில் இட்டெர்பியத்தின் உறிஞ்சு குறுக்குப்பரப்பு, அதாவது ஒளியைப் பிடிக்க ஓர் அயனி காட்டும் பரப்பு, 10⁻²⁰ சதுர சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. நல்ல கரிமச் சாயத்துக்கு அது 10⁻¹⁶. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டாவது, உறிஞ்சியதை வெளியே விடவும் நேரம் பிடிக்கிறது. சிலிக்கா கண்ணாடியில் எர்பியத்தின் 1.5 மைக்ரோமீட்டர் ஒளிக்கு ஆயுள், அதாவது ஆற்றலோடு காத்திருக்கும் நேரம், சுமார் 10 மில்லிநொடி. அவ்வளவு நேரம் காத்திருக்கும்போது அக்கம்பக்கத்து நீர்மூலக்கூறோ படிகக் குறையோ அந்த ஆற்றலைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

உலோக நானோ அமைப்பு இந்த இரண்டு குறையிலும் கைகொடுக்கக் கூடியது. அதன் எலக்ட்ரான்கள் ஒளியோடு ஒத்து அலையும்போது, அதாவது பிளாஸ்மான் ஒத்ததிர்வில், உலோகத்தை ஒட்டிய சில பத்து நானோமீட்டர்களுக்குள் மின்புலம் பெருகுகிறது. அயனி அதிகம் உறிஞ்சும். அதே அமைப்பு ஓர் ஆண்டெனாவாகி, அயனி வேகமாக ஒளிவிடவும் வழி செய்யும். சுற்றுப்புறத்தை மாற்றினால் ஒளிவிடும் வேகம் மாறும் என்ற கருத்தை 1946இல் இயற்பியலாளர் பர்செல் முன்வைத்தார். அதைக் கண்ணுக்குத் தெரியக் காட்டிய சோதனையில் இருந்ததும் ஓர் அருமண் அயனிதான். 1960களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் டிரெக்ஸ்ஹாகே, வெள்ளிக் கண்ணாடிப் பரப்பின் மேல் ஒரு மூலக்கூறு தடிமனுள்ள கொழுப்பு அமிலப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் யூரோப்பியம் சேர்மத்தை வைத்தார். படலங்களின் எண்ணிக்கை கூடக்கூட யூரோப்பியத்தின் ஆயுள் ஏறி இறங்கி ஏறியது. வெள்ளிக்கு மிக அருகே வந்ததும் சரசரவென்று சரிந்தது.

அந்தச் சரிவை மறக்கக் கூடாது. உலோகம் ஆற்றலைக் கொடுக்கவும் செய்யும், விழுங்கவும் செய்யும். சில நானோமீட்டர் நெருக்கத்தில் விழுங்கல்தான் மேலோங்கும். ஆய்வகத்தில் எல்லோரும் குவென்ச்சிங் என்று சொல்வது இதைத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

அயனியின் குவாண்டம் திறன், அதாவது உறிஞ்சியதில் எவ்வளவு பங்கு ஒளியாக வெளிவருகிறது என்பது. ஒளிவிடும் பக்கத்தில் உலோகம் தரக்கூடிய லாபத்துக்கு ஒரு கூரை உண்டு: 1ஐ இப்போதைய திறனால் வகுத்தால் வருவது. யூரோப்பியம் 80 சதவீதத் திறனோடு ஒளிர்கிறது என்றால் அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருப்பது வெறும் 1.25 மடங்கு. அப்கன்வர்ஷன் நானோ துகள்களின், அதாவது குறைந்த ஆற்றலுள்ள ஃபோட்டான்கள் சிலவற்றை உறிஞ்சி அதிக ஆற்றலுள்ள ஒன்றாக வெளியிடும் துகள்களின், நிலை வேறு. 10 முதல் 30 நானோமீட்டர் அளவுள்ள சோடியம் இட்ரியம் ஃப்ளோரைடு துகள்களில், மேலே உறை எதுவும் இல்லாதபோது, திறன் 1 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. அங்கே இடம் தாராளம். பெரிய எண்கள் எல்லாம் பலவீனமான ஒளிர்விகளிலிருந்தே வருவதற்குக் காரணம் இதுதான்.

உலோகத்தின் அருகே எத்தனை அயனிகள்? இந்தக் கணக்கைப் பலரும் போடுவதே இல்லை. 500 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு படலத்தில் அடியிலுள்ள 25 நானோமீட்டர் மட்டும் பிளாஸ்மானின் கைக்கு எட்டுகிறது என்று வையுங்கள். அது மொத்தத்தில் 5 சதவீதம். அங்கே 20 மடங்கு பெருகினாலும் 0.05 × 20 = 1. மிச்சமுள்ள 0.95ஐச் சேர்த்தால் 1.95. இருபது மடங்கு பெருக்கம் கருவியில் இரண்டு மடங்காகத்தான் தெரியும்.

எந்த ஒளிச்செறிவில் வேலை? இரண்டு ஃபோட்டான் அப்கன்வர்ஷனில், குறைந்த செறிவில் ஒளிர்வு பாய்ச்சும் ஒளியின் இருமடிப்படி ஏறும். அருகிலுள்ள ஒளிச்செறிவு 10 மடங்கு கூடினால் ஒளிர்வு 100 மடங்கு. லேசரைத் தீவிரமாக்கினால் மட்டங்கள் நிரம்பி அந்த ஏற்றம் மழுங்கிவிடும். அதே அமைப்பு 10 மடங்கோ அதற்கும் கீழோ காட்டும். ஆகவே செறிவு குறிப்பிடாத பெருக்க எண்ணை ஒப்பிடப் பயன்படுத்தாதீர்கள்.

இவை தவிர இடைவெளியை நானோமீட்டர் கணக்கில் பிடிக்க முடியுமா, சூடு எவ்வளவு ஏறும், எவ்வளவு பரப்பு வேண்டும், கையில் என்ன கருவி இருக்கிறது என்பவையும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## வழி 1: கண்ணாடிக்குள் வெள்ளி

இருப்பதில் பழைய வழி. பிரேசிலின் மால்டாவும் கூட்டாளிகளும் 1985இல் யூரோப்பியம் சேர்த்த கண்ணாடியில் சிறு வெள்ளித் துகள்கள் ஒளிர்வைக் கூட்டுவதாக எழுதினார்கள். 1999இல் ஜப்பானில் ஹயகாவா, செல்வன், நொகாமி மூவரும் சோல்-ஜெல் முறையில், அதாவது உருக்காமல் கரைசலிலிருந்து, செய்த சிலிக்கா கண்ணாடியில் அதையே காட்டினார்கள்.

செய்முறை எளிது. மூலப்பொருள்களோடு கொஞ்சம் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து உருக்குகிறோம். சூடேற்றிய பித்தளைத் தகட்டில் ஊற்றினால் தெளிந்த வில்லை. கண்ணாடி இளகத் தொடங்கும் வெப்பநிலைக்கு அருகே சில மணி நேரம் வைத்தால் வெள்ளி அயனிகள் ஒடுங்கித் துகளாகத் திரளும். வில்லை இளமஞ்சளாகி, பிறகு தேன் நிறத்துக்குப் போகும். அந்த மஞ்சள்தான் 410, 420 நானோமீட்டர் பக்கம் இருக்கும் வெள்ளிப் பிளாஸ்மான். பிளாட்டினம் மூசையில் மட்டும் உருக்கிவிடாதீர்கள். ஒடுங்கிய வெள்ளி பிளாட்டினத்தோடு கலந்து மூசையைப் பாழாக்கிவிடும். அலுமினா மூசை எடுத்தால் கண்ணாடியில் அலுமினியம் கொஞ்சம் கரையும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு, ஒளி கூடியதற்குக் காரணம் பிளாஸ்மானா என்று நிரூபிப்பது. நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். யூரோப்பியம் வில்லைகளில் மூன்று மடங்கு கூடியதைப் பார்த்து, வரைபடம் எல்லாம் போட்டு, கட்டுரையையும் முக்கால்வாசி எழுதிவிட்டேன். அப்புறம் ஒரு நாள், உலையில் பதப்படுத்தாமல் ஒதுக்கிவைத்த வில்லையை அளந்து பார்த்தேன். அதில் மஞ்சளே இல்லை. ஒளிர்வு மட்டும் ஏறத்தாழ அதே அளவு கூடியிருந்தது. எந்த அலைநீளத்தை உறிஞ்சும்போது எவ்வளவு ஒளிர்கிறது என்று காட்டும் கிளர்வு நிறமாலையை எடுத்தால், யூரோப்பியத்தின் 393, 464 நானோமீட்டர் கூர்முனைகளுக்கு இடப்புறம், 340 பக்கத்தில், ஓர் அகன்ற மேடு. சில அணுக்களே சேர்ந்த வெள்ளிக் கொத்துகள் புற ஊதாவை உறிஞ்சி யூரோப்பியத்துக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தன. பிளாஸ்மானுக்கு அங்கே வேலையே இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஸ்ட்ரோஹோஃபரும் போல்மனும் 2002இலேயே எர்பியம் கண்ணாடியில் வெள்ளி அப்படி ஆற்றலைக் கைமாற்றுவதைக் காட்டியிருந்தார்கள். நான்தான் அதைக் கவனமாகப் படிக்காமல் விட்டிருந்தேன்.

ஆனால் கைமாற்றமும் நல்ல விஷயம்தான். புற ஊதாவை வாங்கி ஒளிரும் பாஸ்பர் (ஒளிர்பொருள்) வேண்டும் என்றால் அகன்ற உறிஞ்சல் கிடைப்பது லாபமே. கையளவு துண்டு, வருடக்கணக்கில் கெடாத பொருள், தகடாகவோ இழையாகவோ இழுக்கும் வசதி எல்லாம் வேண்டுமென்றால் இந்த வழிக்கு ஈடில்லை. இடைவெளியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் இங்கே வராதீர்கள். அயனி எங்கே, துகள் எங்கே என்பது உங்கள் கையில் இல்லை.

## வழி 2: கரைசலில் பொன் தண்டும் சிலிக்கா இடைச்சுவரும்

உயிர்மருத்துவ வேலைக்கும் மைக்கும் பொருந்துவது இது. உருண்டைப் பொன் துகளின் ஒத்ததிர்வு 520 நானோமீட்டரில் இருக்கிறது. இட்டெர்பியம் உறிஞ்சும் 980க்குப் போக வேண்டுமென்றால் தண்டாக வளர்க்க வேண்டும். நீளம் அகலத்தைப் போல ஏறக்குறைய 6 மடங்கு. அதன் மேல் சிலிக்கா உறை, உறையின் மேல் அப்கன்வர்ஷன் துகள். சிலிக்காவின் தடிமன்தான் இங்கே கடிவாளம். 5 முதல் 15 நானோமீட்டர் வரை மூன்று நான்கு தடிமன்களில் செய்து பார்ப்பது வழக்கம். 5க்குக் கீழே விழுங்கல், 20, 30க்கு மேலே போனால் பலன் கரைந்துவிடும்.

கேட்க எளிதாகத் தோன்றும். கை பழக நாலைந்து மாதமாவது ஆகும். தண்டு வளர்க்கப் பயன்படும் சி.டி.ஏ.பி. என்ற சோப்புப்பொருள், அறை குளிர்ந்தால் படிகமாகிவிடும். மதியம் தெளிவாக இருந்த குடுவையை ஏ.சி. அறையில் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், அடியில் வெள்ளை ஊசிகள் பஞ்சுபோலக் கிடக்கும். அவற்றுக்குள் தண்டுகளும் சிக்கியிருக்கும். 30 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். அதைக் கழுவி எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. குறைவாகக் கழுவினால் சிலிக்கா திட்டுத்திட்டாகப் படியும், அதிகம் கழுவினால் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குடுவையின் நிறம் சாம்பலாகிவிடும். சாம்பல் நிறம் கண்டால் அந்தத் தொகுதியை விட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொரு மறைவான செலவு சூடு. 10 நானோமீட்டர் அகலமுள்ள மெல்லிய தண்டுகள் ஒளியைச் சிதறவிடுவதைவிட உறிஞ்சிச் சூடாவதே அதிகம். 980ஐ நீரும் கொஞ்சம் உறிஞ்சும். நல்லவேளை, எர்பியமே ஒரு வெப்பமானி. பச்சையில் 525, 545 நானோமீட்டர் என இரண்டு பட்டைகள். சூடு ஏற ஏற 545ஐ ஒப்பிட்டால் 525 ஓங்கும். நிறமாலை எப்படியும் உங்களிடம் இருக்கப்போகிறது, விகிதத்தைக் கணக்கிட ஐந்து நிமிடம் போதும். செல்லைச் சூடாக்கித்தான் கொல்லப்போகிறீர்கள் என்றால், ஒளிவெப்ப சிகிச்சைபோல, இதே குறை நிறையாகிவிடும்.

ஒத்ததிர்வை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. 980இல் வைத்தால் இட்டெர்பியம் அதிகம் உறிஞ்சும், சரி. ஆனால் அதே 980இல் தன் ஆற்றலை வெளியே விட்டுவிடவும் அதற்கு வழி திறந்துவிடுகிறோம். அப்கன்வர்ஷன் ஏணிபோன்றது. நடுப்படியில் எலக்ட்ரான் காத்திருந்தால்தான் அடுத்த படிக்கு ஏற முடியும். நடுப்படியின் ஆயுளைக் குறைத்தால் ஏற்றம் தடைபடும். குறைந்த செறிவில் உறிஞ்சல்தான் தட்டுப்பாடு என்பதால் 980ஐத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் லாபம். ஏற்கனவே மட்டங்கள் நிரம்பிய நிலையில், எர்பியம் ஒளிவிடும் 540ஐயோ 650ஐயோ குறிவைப்பது நல்லது.

## வழி 3: அச்சிட்ட வரிசை

எலக்ட்ரான் கற்றையாலோ நானோ அச்சாலோ வெள்ளித் தூண்களைச் சீரான இடைவெளியில் நிறுத்தி, மேலே துகள்களைப் பூசுவது. தூண்களுக்கு இடையிலான தூரத்தைச் சுற்றியுள்ள பொருளின் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் ஒத்ததிரும் அலைநீளம் தோராயமாக வந்துவிடும். 450 நானோமீட்டர் இடைவெளி, 1.46 என்ற எண்: 657. எர்பியத்தின் சிவப்பு அங்கேதான் இருக்கிறது. தூண்கள் ஒன்றோடொன்று பேசுவதால் ஒத்ததிர்வு கூர்மையாகும். ஒளியும் குறிப்பிட்ட திசையில் வெளியே வரும். 2019இல் அமெரிக்கக் குழு ஒன்று இப்படியொரு வெள்ளித் தூண் வரிசையின் மேல் இட்டெர்பியம்-எர்பியம் துகள்களைப் பூசி, அறை வெப்பநிலையில், சதுர சென்டிமீட்டருக்கு 70 வாட் என்ற குறைந்த வாசலில் (லேசர் தொடங்கத் தேவையான செறிவில்) தொடர்ச்சியான லேசர் ஒளியையே எடுத்தது. நானோ லேசர்களுக்கு அது மிகச் சிறிய எண்.

ஒளியின் திசை முக்கியம், பல மாதிரிகள் ஒன்றுபோல வர வேண்டும், கணினி மாதிரியோடு ஒப்பிட வேண்டும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். செலவு வெளிப்படையானது: தூய்மை அறை, கருவி நேரம், சிறு பரப்பை எழுதவே ஆகும் காலம். வெளியே தெரியாத செலவு, பெருக்கத்தைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது. ஒளி ஒரே திசையில் குவிவதால் உங்கள் லென்ஸுக்குள் அதிகம் நுழைகிறது. அயனி அதிகம் ஒளிர்ந்ததா, இருந்த ஒளியே லென்ஸ் பக்கம் திரும்பியதா? வேறு வேறு திறப்புள்ள இரண்டு லென்ஸ்களில் அளந்தால் விடை தெரியும். வெள்ளி காற்றில் கறுக்கும் என்பதால் மேலே மெல்லிய அலுமினா பூச்சும் தேவை.

## வழி 4: உலோக இடுக்கு

பொன் தகட்டின் மேல் துகள், துகளின் மேல் வெள்ளிக் கனசதுரம். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் சில நானோமீட்டர் இடுக்கில் புலம் பிதுங்கி நிற்கும். 2019இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு இந்த அமைப்பில் அப்கன்வர்ஷன் ஆயுளை 2 மைக்ரோநொடிக்கும் கீழே கொண்டுவந்தது. வழக்கமாகப் பத்து, நூறு மைக்ரோநொடிக் கணக்கில் இருப்பது அது. ஆயுளை இந்த அளவுக்குச் சுருக்க மற்ற மூன்று வழிகளாலும் முடியாது. ஒற்றை ஃபோட்டான் வேலை, வேகமான சைகை என்றால் இதற்குத்தான் போக வேண்டும்.

மற்ற வேலைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இடுக்குக்குள் புகும் அளவுக்குத் துகள் சிறிதாக வேண்டும். சிறிதானால் மேற்பரப்பு கூடி அதன் திறன் ஏற்கனவே சரிந்திருக்கும். கனசதுரம் விழுந்த புள்ளிகள் மட்டும் மின்னும், மீதிப் பரப்பு இருட்டு. பக்கத்துப் பக்கத்துக் கனசதுரங்களே வேறு வேறு எண் தரும். நூறு புள்ளிகளை அளந்து பரவலைக் காட்டப் பொறுமை வேண்டும்.

## உலோகமே இல்லாமல்?

இதையும் பட்டியலில் வைக்காமல் ஒப்பீடு நேர்மையாகாது. அயனி இல்லாத சோடியம் இட்ரியம் ஃப்ளோரைடு உறையைத் துகளின் மேல் இரண்டு மூன்று நானோமீட்டருக்கு வளர்த்தாலே, மேற்பரப்பில் ஒழுகிய ஆற்றல் நின்று பல மடங்கு ஒளிர்வு கூடும். அதே உலைக்குடுவை, அதே வேதிப்பொருள்கள், பொன்னும் வேண்டாம். யூரோப்பியம் சேர்மங்களுக்குக் கரிம மூலக்கூறு ஒன்று ஒளியைப் பிடித்துக் கொடுக்கும் என்பதை 1942இலேயே வைஸ்மன் காட்டிவிட்டார். அப்கன்வர்ஷனிலும் 2012இல் சாயம் ஒட்டி 3300 மடங்கு வரை காட்டியிருக்கிறார்கள். சாயம் வெளுத்துப்போகும் என்பது அதன் குறை.

உறை போட்ட துகளோடு ஒப்பிட்டுத்தான் உலோகத்தின் லாபத்தைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உறையில்லாத துகளோடு ஒப்பிட்டு 40 மடங்கு என்று எழுதுவது, ஓட்டைக் குடத்தில் எவ்வளவு வேகமாக நீர் ஊற்றினோம் என்று சொல்வதுபோல.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | இடைவெளிக் கட்டுப்பாடு | முக்கியமாகக் கூடுவது | மறைந்திருக்கும் செலவு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| கண்ணாடிக்குள் வெள்ளி | இல்லை | உறிஞ்சல். பல நேரம் கொத்துகளின் ஆற்றல் கைமாற்றம் | காரணத்தை நிரூபிப்பது, மூசை | பெரிய துண்டு, நீடித்த பயன்பாடு, புற ஊதா பாஸ்பர் |
| பொன் தண்டு, சிலிக்கா | நன்று | 980இல் உறிஞ்சல் | சூடு, தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு | செல்களுக்குள், மை, ஒளிவெப்பம் |
| அச்சிட்ட வரிசை | மிக நன்று | உறிஞ்சல், திசை | கருவி நேரம், லென்ஸ் குழப்பம், வெள்ளி கறுத்தல் | சில்லு, லேசர், மாதிரியோடு ஒப்பிடல் |
| உலோக இடுக்கு | நன்று, ஆனால் புள்ளிக்குப் புள்ளி மாறும் | ஒளிவிடும் வேகம் | மிகச் சிறு பரப்பு, சிறு துகளின் குறைந்த திறன் | வேகம், ஒற்றைத் துகள் ஆய்வு |
| உறை மட்டும் | தேவையில்லை | குவாண்டம் திறன் | உறிஞ்சல் அப்படியே இருக்கும் | எல்லோருக்கும் முதல் படி |

## சரி, நீங்கள் எதை எடுப்பது?

உங்களிடம் உலையும் சாதாரண ஒளிர்வுமானியும் மட்டும் இருந்தால் கண்ணாடி. ஒவ்வொரு கலவையிலும் நான்கு வில்லைகள் செய்யுங்கள்: வெள்ளி இல்லாதது, வெள்ளி இருந்து பதப்படுத்தாதது, பதப்படுத்தியது, வெள்ளி இல்லாமல் பதப்படுத்தியது. கடைசி வில்லையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பதப்படுத்துவதே கண்ணாடியின் நீர்ப்பசையையும் அயனியின் சுற்றத்தையும் மாற்றக்கூடும் என்பதால் அது இல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

வேதியியல் ஆய்வகம், எலக்ட்ரான் நுண்ணோக்கி, 980 லேசர் இருந்தால் முதலில் உறை, பிறகு பொன் தண்டு. தூய்மை அறைக்கு அனுமதி இருக்கிறது, ஆய்வுக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்றால் தயங்காமல் வரிசைக்குப் போங்கள். இடுக்கை, ஒற்றைத் துகளை அளக்கும் நுண்ணோக்கி ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் குழுவில் சேர்ந்தால் மட்டும் எடுங்கள்.

எதை எடுத்தாலும் ஆயுளை அளக்க ஓர் ஏற்பாடு முதலிலேயே செய்துகொள்ளுங்கள். அருமண் அயனிகள் பெரும்பாலும் மைக்ரோநொடி, மில்லிநொடிக் கணக்கில் மங்குவதால் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. துடிப்பாக்கிய டயோடு லேசர், ஒளிப்பெருக்கிக் குழாய், அலைகாட்டி போதும். ஒளி கூடி ஆயுள் மாறவில்லை என்றால் உறிஞ்சல் பக்கத்தைப் பாருங்கள். பிளாஸ்மானா, கொத்தா, சாயமா என்று கிளர்வு நிறமாலை சொல்லும். ஒளி கூடி ஆயுள் குறைந்தால் ஒளிவிடும் பக்கத்திலும் உலோகம் வேலை செய்கிறது. இரண்டும் குறைந்தால் அயனியின் ஆற்றலை உலோகம் விழுங்குகிறது. அடுத்த தொகுதியில் சிலிக்காவை 5 நானோமீட்டர் கூட்டிப் பாருங்கள்.